பஸ்ஸைக் கூட்டாமலே காத்திருப்பைக் குறைக்கலாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிறகு, கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதித் தரிப்பிடமொன்றில் மொறட்டுவைப் பக்கம் செல்லும் பஸ்ஸுக்காக முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். பிறகு மூன்று பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முதலாவதில் கால் வைக்க இடமில்லை. மூன்றாவதில் பாதி இருக்கைகள் காலி. என்னோடு நின்ற புடவைக் கடைப் பிள்ளை, "ஒவ்வொரு நாளும் இப்படித்தான் ரீச்சர்" என்றாள். அவசரமான நாட்களில் ஓட்டோவுக்குக் கொடுப்பது அவளுடைய அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கு.

இதைச் சொன்னால், கூடுதல் பஸ் விடக் கட்டுப்படியாகாது என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை நான் தள்ளிவிடவில்லை. டீசல், டயர், லீசிங் தவணை என்று உரிமையாளருக்கு உள்ள சுமை உண்மையானது. 2022இல் எரிபொருள் வரிசையில் பஸ்கள் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் நான் கேட்பது கூடுதல் பஸ் அல்ல.

முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் என்பதால் ஒரு சிறு கணக்கை எழுதுகிறேன். ஒரு வழித்தடத்தில் போய்த் திரும்ப, இடையில் தரித்து நிற்பதையும் சேர்த்து, இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து பஸ்கள் ஓடினால் 12 நிமிடத்துக்கு ஒன்று வரவேண்டும். சீராக வந்தால் பயணி சராசரியாக 6 நிமிடம் காத்திருப்பார். அதே பத்து பஸ்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால் இடைவெளி 24 நிமிடம், சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். டீசலும் அதே அளவு, சாரதியும் அதே ஆள். பயணியின் நேரம் மட்டும் இரட்டிப்பாகப் பறிபோகிறது.

சேர்ந்து வருவதற்கு நெரிசல் மட்டும் காரணமல்ல. தனியார் பஸ்களில் பெரும்பாலும் சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலில் இருந்துதான் கூலி. அதனால் ஆட்கள் நிரம்பும்வரை தரிப்பிடத்தில் நிற்கிறார்கள். பின்னால் அடுத்த பஸ் தெரிந்ததும் பறக்கிறார்கள். புறப்படும் இடத்தில் டைம் கீப்பர் குறித்து அனுப்பும் நேரம், சில தரிப்பிடங்கள் தாண்டும் முன்பே செல்லாக்காசாகிவிடுகிறது. இந்த மனிதர்களைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வசூலோடு கூலியைக் கட்டிவைத்தால் யாரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். ஒரு வழித்தடத்தின் வசூல் முழுவதையும் பொதுவில் சேர்த்து, ஓடிய கிலோமீற்றருக்கும் நேரம் தவறாமைக்கும் உரிமையாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அப்போது காலையில் நிரம்பிய பஸ்ஸின் வருமானம் இரவு ஒன்பது மணி பஸ்ஸின் இழப்பைத் தாங்கும்.

2025 ஆகஸ்டில், அரச பஸ்களையும் தனியார் பஸ்களையும் ஒரே அட்டவணையில் ஓடவைக்கும் ஒருங்கிணைந்த நேர அட்டவணையை எதிர்த்து இலங்கைப் போக்குவரத்துச் சபைத் தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியது நினைவிருக்கும். ஆட்கள் நிரம்பும் நல்ல நேரம் யாருக்கு, ஆளில்லாத வெறும் நேரம் யாருக்கு என்ற இழுபறி, வசூல் தனித்தனியாக இருக்கும்வரை தீராது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. இரவில் வீதி வெறிச்சோடுகிறது. இரண்டு மணி நேரச் சுற்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று கொள்ளுங்கள். பாதி பஸ்களை நிறுத்திவிட்டு ஐந்தை மட்டும் ஓடவிட்டாலும் 18 நிமிடத்துக்கு ஒன்று வரலாம். பகல் அட்டவணையை அப்படியே இரவுக்கும் நீட்டாமல், அந்தந்த வேளைக்குத் தனியாக வகுத்தால் செலவும் குறையும். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் 18 நிமிடம் பெரிய விடயமே அல்ல, அந்த நேரத்துக்கு வந்து நிற்போம். கரையோரப் பாதையில் ரயிலுக்கு அப்படித்தானே போகிறோம்? இதே வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 400 கிலோமீற்றர் ஓடும் இரவு பஸ்ஸுக்குப் புறப்படும் நேரம் உண்டு. அரை மணி நேரத்தில் வீடு சேர வேண்டியவளுக்குத்தான் நேரம் சொல்ல ஆளில்லை.

மேல் மாகாணப் போக்குவரத்து அதிகாரிகளிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். கொள்ளுப்பிட்டி முதல் மொறட்டுவை வரை காலி வீதித் தரிப்பிடங்களில், இரவு ஏழு மணிக்குப் பிறகு வரும் பஸ்களின் நேரத்தையும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் மூன்று மொழிகளிலும் ஒட்டுங்கள். ஒரு மாதம் அதன்படி ஓட்டிப் பாருங்கள். அந்த மாதம் முழுவதும் எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று என் தரிப்பிடத்தில் நின்று குறித்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
இரத்மலானை.