வாசிப்புக் குழுவுக்குப் புத்தகம் கேட்ட மகளுக்கு

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உங்கள் குடியிருப்பில் தொடங்கியிருக்கும் வாசிப்புக் குழுவுக்காக நீ அனுப்பிய பட்டியலை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். பெங்களூரில் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அண்டை அயலாரைச் சேர்த்துத் தமிழ்ப் புத்தகம் படிக்க வைக்கிறாய் என்பதில் எங்கள் இருவருக்கும் நிறைந்த பெருமை. ஆனால் பட்டியலில் இருப்பவை அத்தனையும் நாவல்கள். அவையும் தலையணை கனம். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவளின் மகள் ஒரே அடுக்கிலிருந்து இப்படி எடுத்து வைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. முதலில் மெல்லிய புத்தகமாக எடு, வகையையும் மாற்று.

நம் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். 1880-இல் இங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், முன்சீபாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றால் என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பாடம் கேட்டவருக்கு அவை கைக்கு எட்டியிராத நூல்கள். அந்தக் கேள்வி பிறந்திராவிட்டால் 1887-இல் சிந்தாமணி அச்சேறியிருக்குமா என்பது சந்தேகம்தான். தன்வரலாற்றுக்கு 'என் சரித்திரம்' வைத்துக்கொள். முழுவதையும் சுமத்தாமல், இந்தச் சந்திப்பு வரும் அத்தியாயங்களை மட்டும் படிக்கச் சொல்.

வகை மாற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. நாவல் என்றால் நாவல் படித்துப் பழகியவர்களே எல்லா மாதமும் பேசுவார்கள்; மற்றவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் குழுவில் ஒரு மருத்துவர் இருப்பதாகச் சொன்னாய். மொழிபெயர்ப்புக்கு, தாராசங்கர் வங்காளத்தில் எழுதி த.நா. குமாரசாமி தமிழாக்கிய 'ஆரோக்கிய நிகேதனம்' எடுத்தால், நாடி பிடித்து மரணத்தை முன்னறியும் ஜீவன் மஷாயைப் பற்றி அன்றைக்கு அவர் பேசாமல் இருக்க முடியாது. பயண நூலுக்கு, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971-இல் வந்த 'நடந்தாய் வாழி காவேரி'. உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தானே. மாப்பிள்ளையும் கூட்டத்தில் உட்காருவாரா என்று நீ எழுதவில்லை. உட்காருவாரானால் இந்தப் புத்தகத்தை அவரிடம் கொடு, ஊர் சுற்றுவதில் அவருக்கு விருப்பம் உண்டு.

நாவல் ஒன்று போதும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' மெல்லிய புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். தனியாக நின்று சமாளிக்க வேண்டியிருக்கிற ஜமுனா அதில் வருகிறாள் என்பதால் சேர்ப்பதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். பிறகு, அவளோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு டீச்சரம்மா இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது, சேர்த்துவிட்டேன்.

கவிதைக்குக் குறுந்தொகை. பாட்டுக்கு நான்கு அடி முதல் எட்டு அடிதான், ஒரு மாலைக்கு இரண்டு பாட்டு போதும். காதலைப் பாடும் அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் சொன்ன மரபு. தலைவி, தோழி, தாய் என்றுதான் வருவார்கள். அதனால் கூட்டத்தில் யாருக்கும் தன் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டோமோ என்ற கூச்சம் இருக்காது; மனத்தில் இருப்பதைத் தலைவி மேல் ஏற்றிச் சொல்லிவிடலாம். 167-ஆம் பாட்டில் தொடங்கு. கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை கண்ணில் படிய, அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அந்த வீட்டுக்குப் போய் வந்த செவிலி, அதாவது அவளை வளர்த்த தாய், பெற்ற தாயிடம் சொல்லும் பாட்டு அது. அந்தத் தாய்க்குப் போய்ப் பார்த்துவந்து சொல்ல ஒருத்தி இருந்தாள். எனக்கு உன் தொலைபேசிதான் இருக்கிறது, அதிலும் இப்போதெல்லாம் நீ சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசுகிறாய். புத்தகம் கேட்டு எழுதினாயே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுபடியும் சொல்கிறேன், மெல்லிய புத்தகமாகத் தொடங்கு. முதல் மாதமே கனமாக வைத்தால் இரண்டாம் மாதம் ஆள் வராது. யார் எந்தப் புத்தகத்தை முன்வைத்துப் பேசுவது என்பதை முன்கூட்டியே பிரித்துக் கொடு, எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

குறுந்தொகை உரைப் பதிப்பு நம் அலமாரியில் இருக்கிறது. தபாலில் அனுப்பலாம் என்று அப்பா சொல்கிறார். நீ சரி என்றால் நானே எடுத்துக்கொண்டு மைசூர் வண்டியில் வருகிறேன். கூட்டம் எந்த ஞாயிறு என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா