குஞ்சு பறக்கும்வரை கூட்டைக் காட்டாதீர்கள்

பறவை நோக்கர் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வானில் வட்டமிடும் கழுகைக் கண்டால் பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தட்டி "அதோ, அதோ!" என்று காட்டாமல் இருக்க முடியாது. அந்தப் பரவசத்தை யாரும் குறை சொல்லவில்லை. கேட்பது ஒன்றே: குஞ்சுகள் பறந்து போகும்வரை கூட்டின் படமோ இருப்பிடமோ குழுவில் வரக்கூடாது.

சென்ற வாரம் வந்த வல்லூற்றுக் கூட்டின் படத்தை மீண்டும் பாருங்கள். கூடு தெளிவாகத் தெரிவதற்காகக் கிளைகளை வெட்டியிருக்கிறார்கள். அந்த இலைகள்தான் வெயிலுக்கும் காக்கைக்கும் மறைப்பு. வெண்தூவி மட்டுமே போர்த்திய குஞ்சால் தன் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ள முடியாது. தாய்தான் நிழல் தரவேண்டும். ஆள் நெருங்கினால் தாய் எழுந்துவிடும். படத்தில் அலகைத் திறந்திருக்கும் குஞ்சு இரை கேட்கவில்லை, வெப்பம் தாளாமல் இரைக்கிறது. அந்தப் படத்துக்கு எத்தனை பாராட்டுகள்!

ஊர்ப் பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று எண்ணவேண்டாம். கைபேசிப் படத்தின் கோப்பிலேயே இருப்பிடம் பதிந்திருக்கலாம்; அசல் கோப்பை அனுப்பினால் அதுவும் கூடவே போகும். பின்னணியில் ஒரு பாறை முகடு தெரிந்தாலே தேடி வந்துவிடுவார்கள், குஞ்சு திருடுபவர்கள் உட்பட. பறவை நோக்கர்கள் தாங்கள் கண்டவற்றைப் பதிவிடும் இபேர்ட் இணையதளம்கூட ஆபத்துக்குள்ளாகும் இனங்களின் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மறைத்துவிடுகிறது.

வல்லூறு வகைகளில் ஒன்றான பொரி வல்லூறு அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். குஞ்சு பறக்க மேலும் ஏறத்தாழ ஆறு வாரம். இரண்டரை மாதம் பொறுக்க முடியாதா? பெரிய கழுகுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு முட்டைதான் இடும். கூட்டைக் கைவிட்டால் அந்தப் பருவமே வீண். இதில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, டிரோனைக் கூட்டுக்கு மேலே நிறுத்துவது எல்லாம் வேறு. படத்துக்காக எதுவும் செய்யலாம் என்றாகிவிட்டது!

பறக்கும் படங்களைப் பகிரட்டும். சிறகு நுனி விரல்களாக விரிகிறதா, கூராக முடிகிறதா, வால் கரும்பருந்தைப்போல் கவைத்திருக்கிறதா என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது.

கூட்டுப் படங்களைப் போட்டிகளில் ஏற்காதீர்கள். குஞ்சு பறக்கும்முன் வரும் படங்களை உடனே நீக்குங்கள். இதைக் குழு விதியாக எழுதிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முதலில் அந்த வல்லூற்றுப் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் இன்னும் கூட்டில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
பறவை நோக்கர்கள் சிலர்