காணித் தரகருக்கும் ஒரு பரீட்சை வையுங்கள்

திருகோணமலை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

நகரத்திலிருந்து குச்சவெளி வரைக்கும், இந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர் வரைக்கும் காணியும் வீடும் வாங்கி விற்றுக் கொடுக்கிற தொழில் என்னுடையது. அண்மைக்காலமாக இந்தத் தொழிலைப் பழக வேண்டும் என்று நிறையப் பேர் வருகிறார்கள். ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள், கட்டாரில் இருந்து திரும்பியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிறகு கொஞ்சம் நேரம் கிடைக்கிற தாய்மார். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இதுக்கு லைசன்ஸ் எங்க எடுக்கிறது?"

ஒழுங்காகத் தொழில் செய்ய நினைக்கிறவர்தான் அப்படிக் கேட்பார். ஆனால் அவர்களைப் போங்கள் என்று அனுப்பிவைக்க எனக்கு ஓர் இடம் இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், வரி இலக்கம் எடுங்கள் என்று சொல்லலாம். அவ்வளவுதான். வியாபாரப் பெயர்ப் பதிவு பலசரக்குக் கடைக்கும் ஒன்றுதான், காணித் தரகருக்கும் ஒன்றுதான். காணியின் உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, வாசிக்கத் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒரு காணி கைமாறும்போது அதில் கைவைக்கிற மற்றவர்களைப் பாருங்கள். நில அளவையாளருக்கு 2002 ஆம் ஆண்டின் அளவைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். உறுதி முடிக்கிற நொத்தாரிசு அதற்கென்று நியமனம் பெற்றவர். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது என்ற சட்டம் 1840 இலேயே வந்துவிட்டது. ஆனால் வாங்குகிறவரும் விற்கிறவரும் முதன்முதலாக நம்பிப் பேசுகிற ஆள் தரகர். பல இடங்களில் அட்வான்ஸ் காசைக் கைநீட்டி வாங்குகிறவரும் அவர்தான். அவருக்கு மட்டும் கட்டாயப் படிப்பும் இல்லை, தேறியாக வேண்டிய பரீட்சையும் இல்லை.

அரசாங்கத்துக்கு எங்களைத் தெரியாமலும் இல்லை. 2006 ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், இரத்தினக்கல் வியாபாரிகள், சட்டத்தரணிகள், கணக்காளர்கள் போன்றவர்களோடு சேர்த்து எங்களுக்கும் கடமைகள் உண்டு. 2018 இல் அதற்கு விதிகளும் வந்தன. வாங்குகிறவர் யார், காசு எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். பதிவுகளை 6 வருடம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம், இருக்க வேண்டிய சட்டம். ஆனால் இப்படி ஒரு கடமை தன் தலையில் இருக்கிறது என்று தெரியாமலே காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காணி காட்டக் கிளம்புகிறவர்களை நான் தினமும் சந்திக்கிறேன். அவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இது ஏன் அவசரம் என்றால், இங்கே காணி எல்லாம் ஒரே மாதிரிக் காணி இல்லை. நகரத்துக்குள் பழைய உறுதிக்காணி, அதிலும் பல உறுதிகள் ஆங்கிலத்தில் எழுதியவை. கந்தளாய்ப் பக்கம் போனால் குடியேற்றத் திட்டக் காணிகள், அரசாங்கம் நிபந்தனையோடு கொடுத்த பெர்மிட்டும் அளிப்புப் பத்திரமும். நிலாவெளி, உப்புவெளிக் கடலோரம் என்றால் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும்: உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டடம் கட்டத் தனியாக அனுமதி வேண்டும். ஹோட்டல் கட்டலாம் என்று காணி பார்க்க வருகிறவருக்கு இதை முதல் நாளே சொல்ல வேண்டியவர் தரகர். சம்பூர்ப் பக்கம் 2006 யுத்தத்தில் உடுத்த உடுப்போடு ஓடிய குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் உறுதியின் மூலப்பிரதி இருக்குமா? வெளிநாட்டில் இருக்கிறவர்களின் காணியை அற்றோணித் தத்துவத்தை, அதாவது தனக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரத்தை, வைத்து விற்கிறார்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அதோடு முடிந்துவிடும் என்பது தெரியாமல், கனடாவில் செத்தவீடு நடந்து முடிந்த பிறகும் இங்கே விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் அந்த "பத்து வருசம் ஆண்டாச்சு" கதை. வேலி போட்டு, தென்னை வைத்து, பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம் என்று சொல்லி விற்கிறார்கள். தனியார் காணியில்கூட அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அரச காணியில் அந்தப் பத்து வருடக் கணக்குச் செல்லாது. இந்த ஒரு விசயத்தை எல்லாத் தரகர்களும் சரியாகத் தெரிந்திருந்தாலே எத்தனையோ குடும்பங்களின் காசு தப்பும்.

நான் அறிந்த ஓர் அம்மா குச்சவெளிப் பக்கம் வீட்டுக் காணி பார்த்தார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு. தரகர் உறுதிக்காணி என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அம்மா பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட். அச்சடித்த நிபந்தனைகள் பத்திரத்திலேயே இருந்தன, சிங்களத்தில். அப்படிப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அம்மாவுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொல்ல வேண்டிய தரகருக்கும் தெரியாது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எப்படியானாலும் போனது அந்த அம்மாவின் காசு. அந்தத் தரகர்மீது முறைப்பாடு செய்ய, தொழிலிலிருந்து நிறுத்தச் சொல்ல, ஒரு கதவும் இருக்கவில்லை. பொலிஸ் அல்லது வழக்கு, இரண்டுக்கும் அவரிடம் தெம்பு இல்லை.

இது கற்றுக்கொடுக்க முடியாத வித்தை இல்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு பழைய உறுதியின் அட்டவணையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை, மேற்கே வண்டிப்பாதை, விஸ்தீரணம் 40 பேர்ச். அதைக் கையில் பிடித்துக்கொண்டு காணிக்கே போவோம். வண்டிப்பாதை இருந்த இடத்தில் மதில் நிற்கும். வடக்குக் காணிக்காரர் இறந்து, பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருப்பார்கள். புதிய அளவைப் படத்தில் 37 பேர்ச்தான் இருக்கும். மிச்சம் 3 பேர்ச் எங்கே என்று கேட்கப் பழகிய பிள்ளை பாதித் தொழிலைப் பழகிவிட்டது. மற்றப் பாதி காணிப் பதிவகத்தில். அந்தப் பெரிய பதிவேடுகளில் ஒரு பக்கத்திலிருந்து அதற்கு முந்திய பக்கத்துக்கு, அங்கிருந்து அதற்கும் முந்தியதற்கு என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஈடு வைத்து மீட்காமல் இருக்கிறதா, வழக்குப் பதிந்திருக்கிறதா, ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். நான் தட்டித் தடவிக் கற்றதைப் புதியவர்கள் முறையாக ஒரு வகுப்பில் கற்கட்டும்.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால், சிங்கப்பூரில் 2010 இலிருந்து இதற்கென்றே ஓர் அரச சபை இருக்கிறது. பரீட்சையில் தேறிப் பதிந்தால்தான் முகவராக முடியும், பெயர் பொதுப் பட்டியலில் இருக்கும், வீடு காணி விற்பனைக் காசை முகவர் கையால் தொடவே கூடாது. தமிழ்நாட்டிலும் 2016 ஆம் ஆண்டின் இந்திய மத்திய சட்டத்தின் கீழ், பதிவு செய்ய வேண்டிய கட்டுமானத் திட்டங்களை விற்கிற முகவர் தானும் பதிந்தாக வேண்டும்.

சட்டம் இயற்றுவது கொழும்பில். அதை உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் மாவட்டத்துக்குள் உங்களால் முடிந்தவை இருக்கின்றன. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுகிய பயிற்சி நடத்துங்கள். காணி உத்தியோகத்தர், பதிவகத்தில் வேலை செய்தவர், நொத்தாரிசு, நில அளவையாளர் ஆகியோர் வந்து பாடம் எடுக்கட்டும். முடிவில் ஒரு பரீட்சை வையுங்கள், உண்மையான உறுதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் பரீட்சை. தேறியவர்களின் பெயரைப் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் போடுங்கள், ஓர் அடையாள அட்டை கொடுங்கள். அந்தப் பட்டியலில் சேர விரும்புகிறவர் அட்வான்ஸ் காசைத் தன் கையில் வாங்க மாட்டேன் என்றும், கொமிசன் எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதிக் கொடுப்பேன் என்றும் ஒப்பமிட வேண்டும். சேரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. பட்டியலில் இருக்கிறவரைத் தேடி மக்கள் தாங்களாகவே வருவார்கள்.

அந்த அட்டை பெண்களுக்கு இன்னொரு வகையிலும் உதவும். தெரியாத இடத்துக்குக் காணி பார்க்கப் போகும்போது, "நீ யார், உன்னை யார் அனுப்பினது?" என்ற கேள்விக்கு நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை.

இதனால் எங்கள் வருமானம் குறையும் என்று சில தரகர்கள் பயப்படுகிறார்கள். இருபது வருடம், முப்பது வருடம் நேர்மையாகச் செய்துவருகிற பெரியவர்கள் பரீட்சை எழுதச் சங்கடப்படலாம். அவர்களுக்கு அனுபவத்தைக் கணக்கிலெடுத்து நேர்முகமாக ஒரு சோதனை வைத்தால் போதும். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சலுகை வேண்டாம். கடினமாகவே இருக்கட்டும்.

பழக வந்தவர்களில் விருப்பமுள்ளவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். வகுப்புக்கு ஆகும் செலவில் எங்கள் பங்கை நாங்களே கட்டுகிறோம். பேசுவதற்கு ஒரு நாளும் நேரமும் தாருங்கள், பட்டியலோடு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு காணித் தரகர்,
திருகோணமலை