மகளிர் பிரிவு ஆண்டறிக்கை 2024–25: கரித்துணியும் மொட்டை மாடிச் சாவியும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் சகோதரிகளுக்கும், வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் சகோதரர்களுக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள நம் குடியிருப்போர் நலச்சங்க மகளிர் பிரிவின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் படிக்கிறேன்.

கோலப் போட்டி, கொலு, கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும், அதைவிட அதிகமாகச் சண்டை போட்டதும், வாங்கி எறியும் டயப்பர், பேப்பர் ரோல், நாப்கினுக்குப் பதிலாகத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணியைப் பற்றித்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர்களால் பெயர் பெற்ற பேட்டை இது. இங்கே உட்கார்ந்து துவைப்பதற்குக் கூட்டம் போட்டால் ஊர் சிரிக்காதா என்று முதல் நாளே ஓர் அக்கா கேட்டார். சிரிக்கட்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளைக்கு 5 என்று வைத்தால்கூட மாதம் 1,500 ரூபாய். அதற்குமேல் மேடை துடைக்கும் பேப்பர் ரோல், நாப்கின். எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது நமக்குப் பக்கத்திலேயே, கொடுங்கையூர்க் குப்பைமேட்டில். பழைய வேட்டியைக் கிழித்தால் காசே இல்லையே என்று பேச்சு வந்தது. "துணி நாறுதே" என்று பதிலும் உடனே வந்தது.

நாற்றத்துக்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்லை. ஈரத்திலேயே கிடக்கும் துணியில் கிருமி பெருகி வருவதுதான் அந்த ஈர வாடை. அதனால் சோப்பைக் கூட்டிக்கூட்டிப் போட்டுப் பயனில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, அலசினாலும் முழுக்கப் போகாமல் துணியில் தங்கித் துணி விறைத்துவிடும். தூளைக் குறைத்து, இன்னொரு முறை அலசுங்கள். மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது நூலின்மேல் படிந்து தண்ணீரை உறிஞ்சவிடாது. இதை அனுபவித்துச் சொல்கிறேன். ஆசையாக வாசனைத் திரவம் ஊற்றி அலசிய என் வீட்டுக் கைத்துணிகள் ஒரு மாதம் தண்ணீரைத் துடைக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தன.

ஆகஸ்ட் கூட்டத்துக்குப் பரம்பரையாகச் சலவைத் தொழில் செய்த வீட்டு அம்மா ஒருவரை அழைத்திருந்தோம். உவர்மண்ணில் ஊறவைத்த துணியை அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவியை அவர் விவரித்தபோது மிக்ஸி சத்தம்கூட நின்றுவிட்டது. நம்மால் வெள்ளாவி வைக்க முடியாது. ஆனால் பருத்தித் துணியைப் பழைய அலுமினியக் குண்டானில் போட்டுப் 10 நிமிடம் கொதிக்கவிட முடியும். காசிமேட்டு மீன் வாங்கும் ஞாயிற்றுக்கிழமை, மீன் அரிந்த இடத்தைத் துடைத்த துணியைக் கட்டாயம் அப்படிச் செய்யுங்கள். அதே துணியால் தட்டைத் துடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்லவில்லை. மேடைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். வெயிலில் போட்டால் மங்கிவிடும்.

ஒரு விபத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஓர் உறுப்பினர் தரைத்துணி ஊறிய பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழிவறை ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். குளோரின் வாயு கிளம்பி, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். நல்லவேளை, கதவு திறந்திருந்தது. வினிகர் ஊற்றினாலும் இதே கதிதான்.

இனி மாடிச் சாவி. "அந்தத் துணி" என்று நாம் சாடையாகச் சொல்லும் மாதவிடாய்த் துணியைப் பலர் பாவாடைக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் ஒளித்துக் காயப்போடுகிறோம். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் ரத்தக் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்பு, அப்புறம் நேர் வெயில். இதில் கடைசியைத்தான் நாம் கூச்சத்துக்காக விட்டுவிடுகிறோம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மடித்தால் நடுவில் ஈரம். மாடிக்குப் போகலாம் என்றால் பூட்டு. தண்ணீர்த் தொட்டி, ஆன்டெனா, பார்வைக்கு அசிங்கம் என்று மூன்று காரணம் சொன்னார்கள். நான்கு மாதம் மனுக் கொடுத்து, காலை 9 முதல் மாலை 4 வரை சாவி நம் கையில் என்று செப்டம்பரில் வாங்கினோம். என்னைக் கேட்டால் இந்த ஆண்டு நாம் சாதித்தது இது ஒன்றுதான்.

சாவி வந்தது, வெயில் போனது. அக்டோபர் நடுவில் கொட்டிய மழை, நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அந்த நாட்களில் கைகொடுத்தவை: மெஷினில் இரண்டாம் முறை பிழியவிடுவது, இரண்டாக மடிக்காமல் ஒற்றையாக விரித்து மின்விசிறிக்கு அடியில் போடுவது, கடைசியில் சூடான இஸ்திரி. தடித்த டவல் துணி இரண்டு நாளானாலும் காயவில்லை, வேட்டித் துணி ஒரே இரவில் காய்ந்தது. டயப்பரை முழுக்க விட்டவர் யாரும் இல்லை. பகலில் துணி, ராத்திரிக்கு டயப்பர் என்று பலர் நிற்கிறார்கள். அதுவே போதும் என்பது என் கருத்து, தலைவர் மாறுபடுகிறார்.

நிலுவையில் உள்ளவை: தெற்குப் பக்கக் கொடிக்கயிறு இற்றுவிட்டது. கம்பி கட்டலாம் என்கிறார்கள், கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏறும் என்பதால் நைலான் கயிற்றையே பரிந்துரைக்கிறேன். ஏப்ரலில் இருந்து மாடிச் சாவி யாரிடம் இருப்பது என்பதையும் கலைவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். மூன்றாவது மாடிக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள், எனக்கோ முட்டி வலி.

செயலாளர்,
மகளிர் பிரிவு