அமெரிக்க உள்நாட்டுப் போர்: பிரிந்தவர்கள் சொன்ன காரணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான, அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். போர்க்களங்களையும் தளபதிகளையும் பற்றிய பகுதிகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் போர் மூண்டதன் காரணத்தைச் சொல்லும் இடத்தில், மாநில உரிமைகளுக்கும் ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கும் இடையே எழுந்த மோதல் என்றும், தொழில்வளம் மிக்க வடக்கு விதித்த சுங்க வரியை வேளாண்மையை நம்பியிருந்த தெற்கு எதிர்த்தது என்றும் எழுதிவிட்டு, அடிமைமுறையைப் பல காரணங்களுள் ஒன்றாக ஒரே வரியில் கட்டுரையாளர் கடந்து சென்றிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மாநில சுயாட்சியை நியாயமான காரணங்களுக்காகப் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வரும் தமிழ்நாட்டில், மாநில உரிமைக்காக நடந்த போர் என்று படித்தவுடன் வாசகரின் மனம் இயல்பாகவே தெற்கின் பக்கம் சாயக்கூடும் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிரிந்து போனவர்கள் தாங்களே என்ன சொன்னார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1860 டிசம்பர் 20 அன்று முதல் மாநிலமாகப் பிரிந்த தென் கரோலினா, நான்கு நாள் கழித்துத் தன் முடிவுக்கான காரணங்களை விளக்கி ஓர் அறிக்கையை ஏற்றது. அடிமைமுறை இல்லாத மாநிலங்கள் அடிமைமுறையின் மீது காட்டும் பகை வளர்ந்துகொண்டே போகிறது. தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தர அவை மறுக்கின்றன. உரிமையாளர் தம் அடிமையை அழைத்துக்கொண்டு கடந்து செல்வதற்குக்கூட நியூயார்க் மாநிலம் இடம் தருவதில்லை. அடிமைமுறைக்கு விரோதமான எண்ணம் கொண்ட ஒருவரை நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பவையே அதன் முக்கியக் குற்றச்சாட்டுகள். சுங்க வரி பற்றிய முறையீடு அதில் இல்லை. அடுத்துப் பிரிந்த மிசிசிப்பி இன்னும் வெளிப்படையாகப் பேசியது. தன் நிலை அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்றும், உலகின் பொருளியல் நலன்களிலெல்லாம் மிகப் பெரியது அதுவே என்றும் அது தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவரான அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவன்னா நகரில் கூடியிருந்தவர்களிடம், கறுப்பின மனிதர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர் என்பதும் அடிமை நிலையே அவருக்கு இயல்பானது என்பதும்தான் புதிய அரசின் மூலைக்கல் என்று பெருமையோடு அறிவித்தார். இவற்றைப் போர் முடிந்தபின் எதிரிகள் அவர்கள் மீது சுமத்திய பழி என்று தள்ளிவிட முடியாது; முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே அவர்கள் தம் கைப்பட எழுதியும் வாயால் சொல்லியும் வைத்தவை.

இவ்வளவு பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்த பொருளாதாரத்தையும் கட்டுரை தொடவில்லை. 1793-இல் எலி விட்னி, பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு, தெற்கில் பருத்திச் சாகுபடி பெரும் லாபம் தரும் தொழிலாக மாறியது. 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் கிட்டத்தட்ட 40 லட்சமாக உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் விர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து ஆழ்தெற்கின் பருத்தி வயல்களுக்கு ஏறக்குறைய 10 லட்சம் பேர் கொண்டுசெல்லப்பட்டனர். கணவன் ஒரு மாநிலத்திலும் மனைவியும் பிள்ளைகளும் வேறு மாநிலங்களிலும் விற்கப்படுவது அன்றாடச் சந்தை நடப்பாக இருந்தது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான். அடிமைகளின் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கும் அதிகம் என்றும், அது நாட்டின் ரயில் பாதைகளிலும் ஆலைகளிலும் போட்டிருந்த முதலீட்டையெல்லாம் விஞ்சியது என்றும் பொருளாதார வரலாற்றறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். இத்தனை பெரிய சொத்தை மனிதர்களின் உடலில் போட்டு வைத்திருந்த ஒரு வர்க்கம், அதைக் காப்பதற்காக எதையும் செய்யத் துணிந்திருந்தது.

மோதல் வெடித்த இடம் மேற்கே விரிந்துகொண்டிருந்த புதிய நிலப்பரப்பு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் செனட் சபையில் இரண்டு இடங்களைக் கொண்டுவரும் என்பதால், அது அடிமை மாநிலமா, விடுதலை மாநிலமா என்பது அதிகாரச் சமநிலையைத் தீர்மானித்தது. 1820-இல் மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை விடுதலை மாநிலமாகவும் சேர்ப்பதென்று முடிவாகி, எஞ்சிய லூசியானா நிலப்பகுதியில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று கோடு கிழிக்கப்பட்டது. அந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. மெக்சிகோவுடன் 1846 முதல் 1848 வரை நடந்த போரில் பெரும் நிலப்பரப்பு கைக்கு வந்ததும் பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது.

மாநில உரிமை என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டமே உரைகல். தெற்கின் கோரிக்கையின் பேரில் இயற்றப்பட்ட இச்சட்டம், பிடிபட்டவருக்கு நடுவர் குழு விசாரணையை மறுத்தது. தமக்காகச் சாட்சி சொல்லவும் அவரை அனுமதிக்கவில்லை. அடிமையல்ல என்று விடுவித்தால் விசாரணை ஆணையருக்கு 5 டாலரும், அடிமை என்று திருப்பி அனுப்பினால் 10 டாலரும் கட்டணம். வடக்கில் வாழும் எந்தக் குடிமகனையும் பிடிக்கும் வேலைக்குத் துணைவருமாறு ஒன்றிய அரசின் அலுவலர் கட்டாயப்படுத்தலாம். ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. தன் மண்ணில் இது செல்லாது என்று விஸ்கான்சின் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பி வந்த ஒருவரைச் சிறையிலிருந்து மீட்கத் துணைநின்றதற்காகக் கைதான ஷெர்மன் பூத் என்ற பத்திரிகை ஆசிரியரின் வழக்கு அது. 1859-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, ஒன்றியச் சட்டமே மேலானது என்றபோது மகிழ்ந்தது தெற்கு. அந்த வழக்கில் மாநில உரிமையை உயர்த்திப் பிடித்தது அடிமைமுறையை எதிர்த்த விஸ்கான்சின்தான்.

அந்தச் சட்டம் வடக்கின் மனத்தை எப்படி மாற்றியது என்பதற்கு பாஸ்டன் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். விர்ஜீனியாவிலிருந்து கப்பலில் ஒளிந்து தப்பி வந்து, ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவந்த ஆண்டனி பர்ன்ஸ் என்ற இளைஞர், தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1854 மே 24 அன்று மாலை, திருட்டுக் குற்றம் என்ற பொய்க் காரணத்தின் பேரில் பிடிக்கப்பட்டார். அவரை மீட்க நீதிமன்றக் கதவை உடைக்க முயன்ற கூட்டத்தோடு நடந்த கைகலப்பில் காவலர் ஒருவர் இறந்தார். விசாரணை முடிந்து, ஜூன் 2 அன்று பர்ன்ஸைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்றபோது, ஒரே ஒரு மனிதரைத் திருப்பி அனுப்புவதற்காக ஒன்றிய அரசின் படைவீரர்களும் பீரங்கியும் தெருவில் நிறுத்தப்பட்டிருந்தனர். வழிநெடுகக் கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. சுதந்திரம் என்று எழுதிய சவப்பெட்டி ஒன்று தெருவின் குறுக்கே கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பல்லாயிரம் மக்கள் இருபுறமும் நின்று கூச்சலிட்டனர். பருத்தி ஆலைத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவரும் அதுவரை சமரசத்தையே விரும்பியவருமான அமோஸ் லாரன்ஸ், இரவு பழைமைவாதிகளாகப் படுக்கப் போன நாங்கள் காலையில் வெறிகொண்ட அடிமை ஒழிப்பாளர்களாக எழுந்தோம் என்ற பொருளில் எழுதினார். பின்னர் பாஸ்டனின் கறுப்பின மக்கள் முன்னின்று திரட்டிய பணத்தால் பர்ன்ஸ் விலை கொடுத்து மீட்கப்பட்டார்.

பர்ன்ஸ் பிடிபட்ட அதே மே மாதக் கடைசியில்தான் செனட் உறுப்பினர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டமும் நிறைவேறி, 1820-இல் கிழித்த அந்த எல்லைக்கோட்டை அழித்தது. அடிமைமுறை வேண்டுமா, வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்றதும், இரு தரப்பினரும் துப்பாக்கியோடு கேன்சஸுக்குள் நுழைந்தனர். அமோஸ் லாரன்ஸின் பணத்தால் அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் குடியேறி, அவருடைய பெயரையே சூட்டியிருந்த லாரன்ஸ் என்ற ஊரை 1856 மே 21 அன்று எதிர்த்தரப்பினர் சூறையாடினர். மறுநாள் செனட் அவையிலேயே, மாசசூசெட்ஸ் உறுப்பினர் சார்லஸ் சம்னரை, தென் கரோலினாவைச் சேர்ந்த கீழவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் நினைவிழக்கும் வரை அடித்தார். தரையோடு திருகி வைத்திருந்த மேசையின் அடியில் கால்கள் சிக்கிக்கொள்ள, மேசையையே பெயர்த்துக்கொண்டு எழ முயன்று சம்னர் சரிந்தார். அவர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்றாண்டுகள் ஆயின. தெற்கிலிருந்தோ புரூக்ஸுக்குப் புதிய கைத்தடிகள் பரிசாக வந்து குவிந்தன. ஓரிரு நாளில், அடிமைமுறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரவுனும் அவருடைய ஆட்களும் கேன்சஸில் ஐவரை வெட்டிக் கொன்றனர். 1861-இல் தொடங்கியதாக நாம் படிக்கும் போர், கேன்சஸ் மண்ணில் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றுதான் நான் கருதுகிறேன்.

நீதிமன்றமும் தீயை அணைக்கவில்லை. அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட் தம் விடுதலை கோரித் தொடுத்த வழக்கில் 1857 மார்ச் 6 அன்று தீர்ப்பு வழங்கிய தலைமை நீதிபதி ரோஜர் டானி, கறுப்பின மக்கள் நாட்டின் குடிமக்களாக முடியாது என்றும், புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடைசெய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்றும் அறிவித்தார். புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறை பரவுவதைத் தடுப்பதற்காகவே தோன்றிய குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஆபிரகாம் லிங்கன், 40 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளைப் பெற்று, தெற்கில் ஒரு மாநிலத்தைக்கூட வெல்லாமல், 1860-இல் தலைவராகத் தேர்வானார். அவர் பதவியேற்பதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன.

சுங்க வரி வாதத்துக்கு வருகிறேன். 1832-இல் தென் கரோலினா வரியை எதிர்த்து முரண்டுபிடித்தது உண்மை. அது மறு ஆண்டே சமரசத்தில் முடிந்தது. 1857-இல் வரி மிகவும் குறைக்கப்பட்டது. அதைத் தெற்கும் ஆதரித்தது. வரியை மீண்டும் உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச்சில் கையெழுத்தானபோது அந்த ஏழு மாநிலங்களும் ஏற்கெனவே வெளியேறியிருந்தன. மேலும், மாநிலங்கள் பிரிந்த வரிசையையே பாருங்கள். முதலில் பிரிந்த ஏழு மாநிலங்களில் மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அடிமைகள். தென் கரோலினாவில் ஒன்றியப் படையின் வசமிருந்த சம்டர் கோட்டையின் மீது குண்டு விழுந்து போர் தொடங்கியபின் பிரிந்த நான்கில் பத்துக்கு மூவர். பிரியாமல் நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கில் ஏழுக்கு ஒருவர். சுங்க வரியைக் கொண்டு இந்த வரிசையை விளக்க முடியாது. பிரிந்தவர்கள் எழுதிக்கொண்ட புதிய அரசமைப்புச் சட்டமோ, அடிமைகளின் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்று தம் நாடாளுமன்றத்தையே கட்டிப்போட்டது. உறுப்பு மாநிலம் எதுவாயினும், அடிமைகளை அழைத்துக்கொண்டு அதற்குள் வந்து தங்கிச் செல்லும் உரிமையையும் எல்லாருக்கும் உறுதிசெய்தது.

கட்டுரையாளர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் கவனிக்கத் தக்கது: லிங்கன் அடிமைகளை விடுவிப்பதற்காகப் போரைத் தொடங்கவில்லை என்பது. அது சரியே. அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடப் போவதில்லை என்று பதவியேற்பு உரையிலேயே அவர் உறுதி கூறினார்; அந்த உறுதியை அரசமைப்பிலேயே எழுதிவிடும் திருத்தம் ஒன்றை இரு அவைகளும் நிறைவேற்றவும் செய்தன. ஆனாலும் தெற்கு திரும்பவில்லை. இருப்பதைக் காத்துக்கொள்வது அதற்குப் போதவில்லை, அடிமைமுறை பரவவும் வேண்டியிருந்தது. வடக்கு எதற்காக முதலில் படை திரட்டியது என்பதும், தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பதும் இரு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை நாட்டின் ஒற்றுமை. போருக்குக் காரணம் எது என்று கேட்பவர் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

வடக்கின் நோக்கத்தையும் விரைவிலேயே மாற்றியவர்கள் அடிமைகளாக இருந்தவர்களே. 1861 மே மாதம், விர்ஜீனியாவில் தெற்குப் படைக்காக அரண் கட்டும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்த மூவர், இரவில் படகேறி வடக்குப் படையின் வசமிருந்த மன்றோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தனர். அவர்களைத் திருப்பிக் கேட்டு வந்த அதிகாரியிடம், பிரிந்து போன மாநிலத்துக்கு இந்நாட்டின் சட்டம் பொருந்தாது என்று கூறிய தளபதி பெஞ்சமின் பட்லர், எதிரியின் போர்ப்பொருளாகக் கருதி அவர்களை அங்கேயே வைத்துக்கொண்டார். மனிதரைப் பொருள் என்றே சொல்லிக் காப்பாற்ற வேண்டியிருந்த கொடுமை அது. செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக மக்கள் அக்கோட்டைக்கு வரத் தொடங்கினர். 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம் வந்தபின், போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் படையில் சேர்ந்தனர். இறந்தோர் எண்ணிக்கையை 6,20,000 என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அதற்கும் மேல் என்று புதிய ஆய்வுகள் கூறுகின்றன. 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்தது.

அமெரிக்கப் பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தவித்த அந்த ஆண்டுகளில், எங்கள் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியாக நல்ல விலைக்குப் போனது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. கட்டுரையாளர் இந்தத் தொடர்பையும் எழுதியிருந்தால் வாசகர்கள் விரும்பிப் படித்திருப்பார்கள்.

தென் கரோலினாவின் அறிக்கை நீளமானதன்று; தங்கள் நாளிதழின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதன் தமிழாக்கத்தை வரும் ஞாயிறு இணைப்புகளுள் ஒன்றில், எவருடைய விளக்கமும் சேர்க்காமல், முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி