நாலு இடம், இரண்டு நாள், கொஞ்சம் ராகம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி மாதத்தின் முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அழைத்துப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். அதன்பின் உங்களில் பலர் போனிலும் நேரிலும் பேசினீர்கள். எல்லாம் சேர்ந்து இரண்டே கேள்விதான். கரூரிலிருந்து அவ்வளவு தூரம் போய் நாலே இடம்தானா என்பது ஒன்று. கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் சினிமாப் பாட்டு எதற்கு என்பது இன்னொன்று. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

போன ஆண்டு நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். ஒரே நாளில் ஏழு கோயில் என்று அட்டவணை போட்டோம். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்காவது கோயில் வாசலில் பஸ் நின்றபோது மணி 12.20. நடை சாத்திவிட்டார்கள், மறுபடி திறப்பது 4 மணிக்கு. அத்தனை பிள்ளைகளும் தேரடி நிழலில் உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைக் காலி செய்து, அந்தாக்ஷரி ஆடி, அதுவும் அலுத்துப்போய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு உள்ளே நாகசுரம் கேட்டது. வித்வான் வயதானவர். தவில்காரர் இன்னும் வந்து சேரவில்லை, தனியாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு பையன், "சார், சுப்ரமணியபுரம் பாட்டு!" என்று கத்தினான். நான் அதட்டுவதற்குள் அவர் காதில் விழுந்துவிட்டது. நாகசுரத்தில் ஊதுகிற சீவாளியை வாயிலிருந்து எடுத்து, "எந்த இடத்துல தம்பி அப்படித் தோணிச்சு?" என்று கேட்டார். பையன் கூச்சத்தோடு முனகிக் காட்டினான். அவர் அந்த இடத்தையே இன்னும் நிதானமாக வாசித்தார். "இது ரீதிகௌளை. உன் 'கண்கள் இரண்டால்' இதுதான். உங்க அப்பா காலத்து 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டும் இதுதான்" என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மீதி மூன்று கோயிலையும் அன்று விட்டுவிட்டோம். ஏன் போகவில்லை என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

இந்த ஆண்டுத் திட்டம் அந்தக் கோயிலில்தான் உருவானது. இடத்தைக் குறைத்து, இருக்கிற இடத்தில் காதைத் திறந்து வைப்போம் என்பதுதான் யோசனை.

சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் தஞ்சைப் பெரிய கோயில். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், 200 அடியைத் தாண்டிய விமானம், இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் காட்டப்போவது கல்வெட்டு. தேவாரம் பாடுவதற்கு 48 பேர், கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்திருக்கிறான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி (பழைய முகத்தல் அளவு) நெல். சம்பளப் பட்டியல் மாதிரி கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். விழும். காலையில் போகிறோம், அவர்களே அதில் நின்று பார்க்கட்டும்.

மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும் நேரத்துக்கு அரண்மனை இருக்கிறது. மாலையில் திருவையாறு. காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி. அவர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கிற ஆராதனை விழாக் கூட்டம் ஓய்ந்திருக்கும், உட்கார்ந்து பாட இடம் கிடைக்கும். ஐயாறப்பர் கோயில் பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று 'ஐயாறா' என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். எண்ணிச் சொல்வது பிள்ளைகள் பொறுப்பு.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். திருவையாற்றைப் பற்றிச் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்றில் ஒரு காட்சி வரும். கோயிலில் பெண்கள் நடனமாட, முழவு அதிர்கிறது. அதை இடி என்று நினைத்து மிரண்ட குரங்குகள் மரத்தின் மேல் ஏறி, மேகம் கூடிவிட்டதா என்று வானத்தைப் பார்க்கின்றன. அந்தப் பதிகத்தின் பண், அதாவது தேவார ராகம், பெயரிலேயே மேகம் இருக்கிற மேகராகக்குறிஞ்சி. கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவார்கள் இன்றைக்கு அதை நீலாம்பரியில் பாடுகிறார்கள். உங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்க 'வரம் தந்த சாமிக்கு' பாடியிருந்தீர்களானால், அதுவும் நீலாம்பரிதான். அதே ஊரில் உட்கார்ந்து பதிகத்தையும் தாலாட்டையும் அடுத்தடுத்துப் பாட வேண்டும் என்று பாட்டு டீச்சர் ஒரு மாதமாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரவு கும்பகோணத்தில் தங்கல். ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் தாராசுரம் கோயில். தேர் போலச் செதுக்கிய மண்டபம், காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்கிற சிற்பம், பலிபீடத்தருகே தட்டினால் சுரம் எழும் என்கிற கற்படிகள். படிகளைச் சுற்றிக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். தட்ட முடியாது, யாரும் முயலவும் வேண்டாம்.

அங்கிருந்து நரசிங்கம்பேட்டை. நாகசுரம் கடைகிற ஊர். பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்கள். 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பக்கத்தில்தான் திருவாவடுதுறை, நாகசுர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு நாகசுரம் வருமே, 'சிங்காரவேலனே தேவா', அது அவர் வாசித்தது. ராகம் ஆபேரி. முந்தின நாள் திருவையாற்றில் பாடப்போகிற தியாகராஜரின் 'நகுமோமு' கீர்த்தனையும் ஆபேரிதான். மரக்கட்டையிலிருந்து அந்த ஒலி எப்படி வருகிறது என்பதைப் பட்டறையில் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினால், அந்தப் பாட்டை வேறு காதால் கேட்பார்கள்.

அப்படியே நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் முடித்துவிடலாமே என்றார்கள் சிலர். திங்களூர் திருவையாற்றுக்குப் பக்கம், சரி. ஆனால் திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு பஸ் ஜன்னல்தான் மிஞ்சும். அதை நீங்கள் குடும்பத்தோடு போய்வருவதே நல்லது. திருவாரூரை விட்டதில் மட்டும் எனக்கே வருத்தம். சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர். போனால் ஞாயிறு இரவு ஊர் திரும்ப 11 மணியாகும், மறுநாள் பள்ளி. விட்டுவிட்டோம்.

இனி சினிமாப் பாட்டு. ராகத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்கு அது ஒரு சூத்திரம், அவ்வளவுதான். மோகனத்துக்கு ச ரி க ப த என்று ஐந்து சுரம், நேராக ஏறி நேராக இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் வருகிற 'நின்னுக்கோரி வர்ணம்' போட்டால் அந்த நேர்வழி உடனே பிடிபடும். ரீதிகௌளை அப்படி நேராகப் போகாது. ச-விலிருந்து க-வுக்குத் தாவி, ரி-க்குத் திரும்பி, மறுபடி க, ம என்று போகும். 'அழகான ராட்சசியே' பாட்டை இவர்கள் நூறு தடவை கேட்டிருப்பார்கள். அந்த வளைவைக் காட்டிக்கொடுத்துவிட்டால் அப்புறம் கோயிலில் நாகசுரக்காரர் தொட்டதுமே தலை திரும்பும். போன ஆண்டு அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே திரும்பியது.

சினிமாவில் ராகம் சுத்தமாக இருக்காதே என்று சங்கீதம் தெரிந்த ஓர் அம்மா கேட்டார். உண்மைதான். இசையமைப்பாளர் தேவைப்பட்டால் அந்த ராகத்தில் இல்லாத அந்நிய சுரத்தைச் சேர்த்துக்கொள்வார், சரணத்தில் வேறு பக்கம் போய்விடுவார். எங்கே விலகுகிறது என்று கண்டுபிடிப்பதையும் ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறோம். இன்னொரு விளையாட்டு, திருவிளையாடலில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒருநாள் போதுமா'. அதில் ராகம் மாறும்போது ராகத்தின் பெயரும் வரிக்குள் ஒளிந்து வரும். 'எழுந்தோடி' என்ற சொல்லில் தோடி இருப்பதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

கட்டணம் ரூ.1,900. பஸ், தங்கல், நாலு வேளைச் சாப்பாடு எல்லாம் இதில் அடங்கும். முதல் நாள் காலைச் சிற்றுண்டி வீட்டிலிருந்து. கட்ட முடியாத நிலை இருந்தால் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் கல் தரை சுடும், பழைய சாக்ஸ் ஒரு ஜோடி கொடுத்தனுப்புங்கள். சாமி கும்பிடுவது கட்டாயமில்லை. எந்த மதத்துப் பிள்ளையானாலும் பிரகாரத்தில் சிற்பம் பார்த்துக்கொண்டு இருக்கலாம். எந்தக் காரணத்தாலோ கோயிலுக்குள் வர முடியாத மாணவிகள் காரணம் சொல்லவே வேண்டாம், ஓர் ஆசிரியை அவர்களோடு வெளியே இருப்பார். போன் வேண்டாம். தினமும் வாங்குகிற மருந்து இருந்தால் சீட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒப்புதல் படிவம் ஜனவரி 25-க்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: பஸ்ஸில் போட உங்களுக்குப் பிடித்த பாட்டு இருந்தால் படிவத்தின் பின்பக்கம் எழுதியனுப்பலாம். ஓர் அப்பா ஏற்கெனவே 40 பாட்டு அனுப்பிவிட்டார். 'மன்னவன் வந்தானடி', 'ஜனனி ஜனனி', 'அம்மா என்றழைக்காத' என்று பாதிக்கு மேல் கல்யாணி. கரூரிலிருந்து திருச்சி வரை கல்யாணிக்கே ஒதுக்கிவிட்டோம்.