ஒரே வீட்டில் இரண்டு ஐபி வரிசை: வைஃபை பிரிண்டர் எடுக்காதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பைபர் இணைப்பு வாடிக்கையாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

"பிரிண்டரில் கோளாறு, பிரிண்டர் கம்பெனியைக் கேளுங்கள்" என்று எழுதி, வைஃபையில் பிரிண்டர் எடுப்பதில்லை என்ற என் புகாரை உங்கள் ஆட்கள் முடித்துவிட்டார்கள். யுஎஸ்பி கேபிளில் செருகினால் அதே பிரிண்டர் ஒழுங்காக அச்சிடுகிறது. கோளாறு, நீங்கள் மாட்டிவைத்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்தான்.

கீழே இருக்கும் ஓஎன்டியின் (பைபர் கேபிள் வந்து சேரும் பெட்டி) ஐபி முகவரி 192.168.1.1. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்றதும் உங்கள் டெக்னீஷியன் இன்னொரு ரவுட்டரைக் கொண்டுவந்து, ஓஎன்டியிலிருந்து கேபிள் இழுத்து அதன் வான் போர்ட்டில் (வெளி இணைய இணைப்புக்கான துளை) செருகினார். அதன் முகவரி 192.168.0.1. இரண்டிலும் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) ஓடுகிறது. இரண்டும் தனித்தனி வரிசையில் ஐபி கொடுக்கின்றன. போதாக்குறைக்கு இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆகவே எந்தக் கருவி எதைப் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, இடி இடித்தால் கரண்ட் போகும். திரும்பி வரும்போது எந்த வைஃபை முதலில் எழுகிறதோ அதில் பிரிண்டர் ஒட்டிக்கொள்ளும். நேற்று அச்சிட்டது இன்று 'ஆஃப்லைன்' காட்டுவது இதனால்தான்.

"பிங் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதே" என்றார் உங்கள் கால்சென்டரிலிருந்து போனில் பேசியவர். போகும், ஒரு திசையில் மட்டும். மாடி ரவுட்டரில் இருக்கும் லேப்டாப் (192.168.0.5) கீழே இருக்கும் பிரிண்டரை (192.168.1.7) ஐபி போட்டுத் தொடலாம், ரவுட்டர் அதை வெளியே போகும் இணைப்பாக நினைத்து அனுப்பிவிடும். ஆனால் பிரிண்டரைத் தானாகத் தேடும் அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது. அதனால் செல்போனில் பிரிண்டர் பெயரே வராது, பிரிண்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஸ்கேன் அனுப்பவும் முடியாது. பிரிண்டர் மாடியிலும் லேப்டாப் கீழேயும் மாட்டிக்கொண்டால் பிங்கும் கிடையாது. 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் டிஎச்சிபி கிடைக்கவில்லை எனலாம்; இங்கே அந்தப் பேச்சே இல்லை.

ஓஎன்டியை ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னதை ஏற்கவில்லை. அதில் நீங்கள் பதிந்த பிபிபிஓஇ (இணையத்தில் நுழையும் லாகின்) பயனர் பெயரும் விலேன் எண்ணும் (இணையப் போக்குவரத்தைப் பிரித்துக்காட்டும் எண்) அழிந்தால் இணையமே நின்றுபோகும். அந்த ஆலோசனையை உங்கள் கால்சென்டர் தாளிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். மாடி ரவுட்டரில் முதலில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் லேன் (வீட்டுக்குள் இருக்கும் வலை) முகவரியை 192.168.1.2 ஆக்க வேண்டும். அதற்குப் பிறகே கேபிளை வான் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். இந்த வேலைகள் முன்பின் மாறினால் ஒரே வலையில் இரண்டு டிஎச்சிபி ஓடி இன்னும் குழப்பும். ஓஎன்டியின் டிஎச்சிபி வரம்பை 192.168.1.100 முதல் 200 வரை வைத்தால் பிரிண்டருக்கு 192.168.1.50ஐ நிலையாகக் கொடுத்துவிடலாம். இரண்டு பெட்டியிலும் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகளை ஒன்றையொன்று தொடவிடாத அமைப்பு) அணைந்திருக்க வேண்டும். விண்டோஸில் டபிள்யூஎஸ்டி போர்ட்டை (பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் இணைப்பு) எடுத்துவிட்டு, 9100 எண்ணில் டிசிபி/ஐபி போர்ட் (ஐபி முகவரியால் நேராகத் தொடும் இணைப்பு) சேர்க்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மற்றதை நான் செய்ய முடியாததற்கு ஒரே காரணம், இரண்டு பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டும் உங்களிடம் இருப்பது. ஒன்று, விவரம் தெரிந்த டெக்னீஷியனை அனுப்புங்கள். இல்லையேல் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஏழு நாட்களுக்குள் இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடமும், அங்கும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் செல்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பிரிண்டர் அச்சிட்ட நெட்வொர்க் விவரத் தாள், லேப்டாப்பின் ஐபிகான்ஃபிக் (ஐபி விவரம் காட்டும் கட்டளை) திரைப்பிடிப்பு, இரண்டு பெட்டிகளின் பின்பக்கக் கேபிள் புகைப்படம்.